மலையைக் கேட்காத ஆண்டவர்

வேதபாடம்: யோவான் 4:1-42
கூடவே வாசிக்க: கொலோசெயர் 4:2-6



சமாரியா ஸ்திரீயைப் பற்றிய இந்த அதிகாரத்தை நாம் எத்தனையோ தரம் பிரசங்கமாய்க் கேட்டிருக்கிறோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கிணறும் குடமும் மனப்பாடம். ஆனாலும் சென்னிமலையிலே குடியிருந்துகொண்டு இதை வாசிக்கிறவனுக்கு 20-ம் வசனம் வரும்போது கண் அங்கேயே நின்றுவிடும். அந்த ஸ்திரீ எதிரே தெரிகிற மலையைக் காட்டி, தன் முன்னோர்கள் தொழுத இடம் அதுதான் என்கிறாள். நமக்கும் வாசலைத் திறந்தால் மலை தெரிகிறது. 1320 படி ஏறி முருகனைக் கும்பிடப் போகிறவர்கள் யாரோ அந்நியர் அல்ல. நம் பக்கத்து வீட்டுக்காரர், நம் பங்காளி, நம்மோடு ஒரே கொட்டகையிலே தறி நெய்கிறவர்.

2023-ம் வருஷம் நம் வட்டாரத்தில் நடந்தது உங்களில் அநேகருக்குத் தெரியும். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தைக் குறித்துத் தகராறு எழும்பியது. அதைக் கண்டித்து நடந்த ஒரு ஆர்ப்பாட்டத்திலே, சென்னிமலையைக் கல்வாரி மலையாக மாற்றுவோம் என்கிற பேச்சு வந்தது. அவ்வளவுதான். வீட்டுக்குள்ளே ஜெபித்தவர்களுக்கு நேர்ந்தது என்ன என்கிற கேள்வியை யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மலை என்கிற ஒரு வார்த்தைதான் ஊரெங்கும் ஓடிற்று. அக்டோபர் மாதத்தில் முருக பக்தர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பேசினதற்காக வழக்கும் வந்தது.

அப்படிப் பேசினது தவறு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சுவிசேஷத்தின்படியே தவறு. ஏன் தவறு என்பதை யோவான் 4-ம் அதிகாரமே காட்டுகிறது. இந்தப் பாடத்தை நான் எழுதக் காரணமும் அதுதான்.

ஏனென்றால் அதற்குப் பிறகு நம் விசுவாசிகள் நடுவிலே இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. சிலர், "இனி ஒரு அஞ்சாறு வருஷத்துக்கு வாயே திறக்க வேண்டாமுங்க பாஸ்டர், ஞாயித்துக்கிழமை வந்தமா, ஆராதிச்சமா, போனமான்னு இருந்துக்கலாம்" என்கிறார்கள். வேறு சிலர், முக்கியமாய் வாலிபர், "பயப்பட்டா ஊழியமா? மைக் செட்டை இன்னும் சத்தமா வைக்கோணும்" என்கிறார்கள். முதலாவது கூட்டத்தார் தங்களை ஞானமுள்ளவர்கள் என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். இரண்டாவது கூட்டத்தார் தங்களுக்குத்தான் ஆத்தும பாரம் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கொலோசெயர் 4:5-ஐ வாசித்துப் பாருங்கள். வெளியே இருக்கிறவர்களிடத்தில் ஞானமாய் நடக்க வேண்டும் என்பதும், காலத்தை வீணாய் விட்டுவிடக் கூடாது என்பதும் ஒரே வசனத்திலே இருக்கிறது. பவுல் அதைக் கட்டுகளில் இருந்து எழுதுகிறார். அடுத்த வசனத்திலே உப்பைப் பற்றியும் சொல்லுகிறார். உப்பில்லாத சோறும் இறங்காது, உப்பை அள்ளிக் கொட்டின சோறும் இறங்காது என்பது சமையல் தெரிந்த சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிணற்றடிக்கு வருவோம்.

யூதேயாவிலிருந்து கலிலேயாவுக்குப் போக சமாரியா வழிதான் சுருக்கம். ஆனால் சமாரியர் முகத்திலே விழிக்கப் பிடிக்காமல் யோர்தானைக் கடந்து சுற்றிக்கொண்டு போன யூதரும் உண்டு. ஆண்டவர் நேர் வழியாய்ப் போனார். நடந்து களைத்து, ஆறாம்மணி நேரத்திலே, அதாவது உச்சி வெயிலிலே, கிணற்றருகே உட்கார்ந்தார். அந்த ஸ்திரீ வந்தபோது அவர் முதலாவது செய்தது என்ன? பிரசங்கமா? கைப்பிரதியா? தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்.

இதை நிதானமாய்க் கவனியுங்கள். ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வந்தவர் ஒரு வாய்த் தண்ணீருக்கு அவளிடத்திலே கையேந்தினார். கொங்கு நாட்டிலே ஒருத்தர் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதலில் சொம்பிலே தண்ணீர் வரும். அதை வாங்கிக் குடித்தால்தான் பேச்சு. சில ஊழியக்காரர் புறமதத்தார் வீட்டில் தண்ணீர்கூட வாங்க மாட்டார்கள். "வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு நேரே சுவிசேஷம் சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்த வீட்டார் மனதிலே என்ன ஓடும்? நம்ம தண்ணி ஆகாதவனுடைய சாமி நமக்கு எதுக்கு என்றுதான் ஓடும். ஆண்டவர் வாங்குகிறவராய் ஆரம்பித்தார். கொடுக்கிறவராய் முடித்தார்.

அவள் வெடுக்கென்று பேசினாள். யூதனாகிய நீர் என்னிடத்தில் கேட்கலாமா என்றாள். அவர் கோபப்படவில்லை. யாக்கோபைப் பார்க்கிலும் நீர் பெரியவரோ என்று கேட்டாள். பெரியவர்தான்! ஆனால் அவர் யாக்கோபைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய பாட்டன் வெட்டின கிணற்றை இழிவாய்ப் பேசவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்கு மறுபடியும் தாகமெடுக்கும் என்றார், அவ்வளவே. அது பழிப்பு அல்ல. குடம் சுமந்து தினமும் நடந்த அவளுக்கே தெரிந்த உண்மை.

பிறகு அவளுடைய குடும்பக் காரியம் வந்தது. ஐந்து புருஷர் இருந்ததையும், இப்பொழுது இருக்கிறவன் புருஷன் அல்ல என்பதையும் ஆண்டவர் மறைக்காமல் சொன்னார். அதைச் சொல்லும்போதுகூட, நீ சொன்னது சரிதான் என்று அவளுடைய உண்மையை முன்னும் பின்னும் மெச்சிச் சொன்னதை 17, 18 வசனங்களில் காணலாம். பாவத்தைத் தொடாத சுவிசேஷம் சுவிசேஷம் அல்ல. ஆனால் அதைத் தனியாய், சீஷர்கள்கூட அருகில் இல்லாத வேளையிலே தொட்டார். தெருமுனையில் மைக் வைத்து ஒரு குடும்பத்தின் குறையைச் சாட்சி என்கிற பெயரிலே சொல்லுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இப்பொழுது அந்த மலை.

கெரிசீம் மலையைப் பற்றி வேதத்திலே வாசித்திருக்கிறோம். ஆசீர்வாதம் கூறப்பட வேண்டிய மலை என்று உபாகமம் 11:29 சொல்லுகிறது. சமாரியருக்கு அங்கே ஒரு ஆலயமும் இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே யூதரை ஆண்ட யோவான் ஹிர்கானஸ் படையெடுத்து வந்து அந்த ஆலயத்தை இடித்துப்போட்டான். அவன் மலையைப் பிடித்தான். அதனாலே சமாரியர் எருசலேமுக்குத் தொழ வந்தார்களா? இல்லை. இடிந்த மலையின்மேலேயே தொழுதார்கள். யூதரோடு சம்பந்தம் கலவாதவர்களானார்கள். அந்தக் கசப்பு நூறு வருஷத்துக்கு மேலாய்க் கிடந்து, ஒரு வாய்த் தண்ணீர் கேட்ட இடத்தில் அவள் வாயிலே வந்து நின்றது. இன்றைக்கும் சமாரியர் என்கிற சிறு கூட்டத்தார் அதே மலையிலே பஸ்கா ஆசரித்து வருகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் மலையை இடித்ததினாலே ஒரு மனுஷனும் மனந்திரும்பவில்லை.

ஆகையால் அந்த ஸ்திரீ மலையைச் சுட்டிக்காட்டினபோது, அது பேச்சை மாற்றுகிற தந்திரம் மட்டுமல்ல. பழைய புண்ணை எடுத்துக் காட்டினாள் என்றும் சொல்லலாம். ஆண்டவர் என்ன செய்தார்? உன் மலையை எங்கள் மலையாக்குவோம் என்றாரா? எருசலேமுக்கு வா என்றாவது சொன்னாரா? அந்த மலையும் எருசலேமும் இரண்டுமே கேள்வியாயிராத ஒரு காலம் வருகிறது, பிதாவை ஆவியோடும் உண்மையோடும் தொழுகிறவர்களை அவரே தேடுகிறார் என்றார். பிதா தேடுவது தொழுகிற மனுஷரை. மலையை அவர் கேட்கவே இல்லை.

அதே நேரத்திலே, எல்லா மலையும் ஒன்றுதான் அம்மா, நீ உன் வழியிலே போ என்றும் அவர் சொல்லவில்லை. 22-ம் வசனத்தை நாம் தாண்டிப் போகக் கூடாது. அறியாததைத் தொழுகிறீர்கள் என்றும், இரட்சிப்பு எங்கிருந்து வருகிறது என்றும் அவள் முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியிலே தாமே கிறிஸ்து என்பதையும் வெளிப்படையாய்ச் சொன்னார். சமாதானத்துக்காக வாயை மூடிக்கொள்ளுகிற முதலாம் கூட்டத்தாருக்கு இந்த வசனம். மலையை மாற்றுவோம் என்கிறவர்களுக்கு 21-ம் வசனம். இரண்டும் பக்கத்துப் பக்கத்திலே இருக்கிறது, ஸ்தோத்திரம்!

பவுலையும் பாருங்கள். எபேசு பட்டணம் தியானாளின் கோயிலுக்குப் பேர்பெற்றது. அங்கே இரண்டு வருஷத்துக்கு மேலாய் ஊழியம் செய்தார். கலகம் உண்டானபோது அந்த ஊர்ச் சம்பிரதியானவனே எழுந்து நின்று, இந்த மனுஷர் கோயிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்ல, நம்முடைய தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று சாட்சி சொன்னான் (அப்போஸ்தலர் 19:37). ஒரு புறமத அதிகாரி கொடுத்த இந்தச் சர்டிபிகேட் நமக்கு இருக்கிறதா? நம் கிராமங்களிலே ஒரு கலகம் வந்தால் ஊர்க் கவுண்டரோ, பஞ்சாயத்துத் தலைவரோ எழுந்து, "அவங்க நம்ம சாமியைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லைங்க" என்று சொல்லுவார்களா? அப்படிச் சொல்லும்படி நடக்கிறவன் பயந்தவன் அல்ல. எபேசிலே பவுல் பயந்துகொண்டு இருக்கவில்லை.

நம்முடைய பகுதியிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. ஈரோட்டிலே லண்டன் மிஷன் ஊழியராயிருந்த எச்.ஏ. பாப்லி என்கிற வெள்ளைக்காரர் தமிழைக் கற்றதோடு நிற்காமல் கர்நாடக சங்கீதத்தையும் கற்றார். இங்கே ஜனங்கள் இராத்திரியிலே கூடி உட்கார்ந்து கதாகாலட்சேபம் கேட்கிற வழக்கத்தைக் கண்டு, அதே முறையிலே இயேசுவின் சரித்திரத்தைப் பாட்டும் வசனமுமாய்ச் சொன்னார். 1921-ல் இந்திய சங்கீதத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1931-ல் திருக்குறளிலிருந்து தெரிந்தெடுத்த குறள்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். குறளும் ராகமும் படித்தால் ஆவி அவிந்துபோகும் என்று நினைக்கிற நம்முடைய பெந்தெகொஸ்தே சகோதரர் சிலருக்கு இது பிடிக்காமலிருக்கலாம். ஆனால் அந்நியராய் வந்த ஒருவர் நம்மூர் ஜனங்களின் திண்ணையிலே உட்கார இவ்வளவு பாடுபட்டார். நாம் இதே மண்ணிலே பிறந்தும், இங்கிலீஷ் மெட்டையும் கீபோர்டையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, ஏன் யாரும் வந்து உட்காரவில்லை என்கிறோம்.

தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அப்படியே. 1706 ஜூலை 9-ம் தேதி கப்பலை விட்டு இறங்கினபோது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலிலே எழுதித் தமிழ் கற்றார். தமிழர் வணங்குகிற தெய்வங்களைப் பற்றியே ஒரு பெரிய நூலை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் காலத்தில் அது அச்சேறவே இல்லை. இவ்வளவு நிதானமாய் ஜனங்களைப் படித்த மனுஷன் சோம்பேறியாயிருந்தாரா? அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-க்குள் தமிழிலே அச்சாகிவிட்டது. 1719-ல் மரித்தபோது அவருக்கு வயது 36. அவருக்குக் கிடைத்ததே 13 வருஷம்.

இங்கேதான் அவசரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞானம் ஞானம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தைக் கழித்துவிட்டோமானால் அதுவும் பெரிய பாவம். அறுப்புக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று சொல்லுகிற வழக்கத்தை ஆண்டவர் 35-ம் வசனத்திலே எடுத்துக் கடிந்துகொள்ளுகிறார். வயல் ஏற்கெனவே வெளுத்துப்போயிற்று என்கிறார். யோபு தன் நாட்களுக்கு ஒப்பிட்டது எதை என்று நம் நெசவாளர் மறக்க மாட்டார்கள்: நெய்கிறவன் கையிலிருந்து ஓடுகிற நாடா (யோபு 7:6). அந்த நாடாவைக் கண்ணாலே பின்தொடர முடியாது என்பது தறியிலே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

எங்கள் சபையிலே தார் சுற்றிப் பிழைக்கிற ஒரு தாயார் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் குழித்தறி நெய்த ஒரு முதியவர். சஷ்டி விரதம் தவறாதவர், நல்ல மனுஷன். இந்தத் தாயார் அவரிடம் ஒரு நாளும் தர்க்கம் பண்ணினதில்லை. அவர் வீட்டு நோம்பிக்குப் பலகாரம் வரும், இவர்கள் வீட்டு கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் போகும். (விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்கிற கேள்விக்கு 1 கொரிந்தியர் 10-ஐப் பார்த்துக்கொள்ளுங்கள். "அம்மிணி, உனக்குன்னு படைக்காம முன்னாலயே எடுத்து வச்சேன்" என்று அந்த வீட்டு அம்மாளே கொடுப்பார்களாம். நம்முடைய மனச்சாட்சியை நம்மைவிட அவர்கள் மதிக்கிறார்கள்!) முதியவருக்கு நெஞ்சுச்சளி முற்றிப் படுக்கையானபோது கஞ்சி கொண்டுபோவது, துணி துவைத்துப் போடுவது எல்லாம் செய்தார்கள். அப்பொழுதும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவரே கேட்டார்.

"ஏனம்மிணி, நீ நாளு தவறாம கண்ணை மூடி உக்காந்துக்கறயே, என்னத்தைத்தான் கேக்கற?"

"உங்களுக்காவத்தானுங்க கேக்கறேன் மாமா."

"எனக்கென்ன, போற கட்டை. போற எடம்தான் வெளங்கல."

அந்தத் தாயார் அன்றைக்கு வீட்டுக்கு ஓடிவந்து பாஸ்டரைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாங்க என்றும் தள்ளிப்போடவில்லை. இயேசு சிலுவையிலே நமக்காக மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார், அவரை நம்பினவனுக்குப் போகிற இடம் தெரியும் என்று தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையை, கட்டில் ஓரமாய் உட்கார்ந்து, அவருடைய மனைவியும் மகனும் கேட்கவே சொன்னார்கள். அவர் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்தார். என்ன ஜெபித்தார், எவ்வளவு விசுவாசித்தார் என்பதை ஆண்டவர் அறிவார். அந்த வாரம் முடியுமுன்னே அவர் காலமாகிவிட்டார். அவர்கள் முறைப்படியே அடக்கம் நடந்தது. தாயாரும் எழவு வீட்டிலே கூட இருந்தார்கள். அந்த வீட்டுக் கதவு இன்றைக்கும் நமக்கு அடைக்கப்படவில்லை. வருஷக்கணக்காய்ப் பொறுமையாயிருந்ததும் சரி, அந்தச் சாயங்காலம் ஒரு மணி நேரம்கூடத் தாமதியாததும் சரி. பாவு பிணைக்கிறவன் ஒவ்வொரு இழையாய்ப் பொறுமையாய்த்தான் பிணைப்பான். அவசரப்பட்டால் நூல் அறுந்துபோகும். ஆனால் பாவு ஏறின பிறகு தறியைச் சும்மா போட்டுவைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

எனவே சொல்லுவதிலே அவசரம் வேண்டும். தலை எண்ணுவதிலே அவசரம் வேண்டாம். நம்மில் அநேகர் இதை மாற்றிச் செய்கிறோம். சொல்லப் பத்து வருஷம் கூச்சப்படுகிறோம். ஒருவர் கொஞ்சம் மனம் இளகினதும் அடுத்த வாரமே ஞானஸ்நானம், போட்டோ, பத்திரிகையில் செய்தி. அவருடைய குடும்பத்திலே என்ன நடக்கும் என்று யோசிப்பதில்லை. நம்முடைய பகுதியிலே ஒருவன் தனி மனுஷன் அல்ல. பங்காளிகள் உண்டு, குலதெய்வக் கோயில் வரி உண்டு, மாமன் சீர் உண்டு. சாவுக்கும் கல்யாணத்துக்கும் நாலு பேர் வேண்டும். புருஷன் விசுவாசியாயிராத சகோதரிகளுக்குப் பேதுரு எழுதினதைக் கவனியுங்கள் (1 பேதுரு 3:1,2). போதனை இல்லாமலே, நடக்கையைப் பார்த்து அவர்கள் ஆதாயப்பட இடம் உண்டு என்கிறார். இரவு பத்து மணி வரை ஜெபக்கூட்டத்திலே உட்கார்ந்துவிட்டு, வீட்டில் மாமியாருக்குச் சோறு போடாத சாட்சி சாட்சி ஆகாது.

இனி சட்ட காரியம். இதை ஊழியக்காரர் அறிந்திருப்பது நல்லது. பவுலும் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்திலே சொன்னார். நம் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்தரத்தையும், தன் மார்க்கத்தை அறிக்கையிட, அனுசரிக்க, பிறருக்குச் சொல்ல உரிமையையும் தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டே அந்த உரிமை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையிலே, பிறருக்குச் சொல்லுகிற உரிமை இதில் வேண்டுமா என்று பெரிய விவாதம் நடந்தது. இருக்கட்டும் என்று பேசினவர்களிலே டி.டி. கிருஷ்ணமாச்சாரி, கே. சந்தானம், எல். கிருஷ்ணசாமி பாரதி ஆகிய தமிழர் இருந்தார்கள். அவர்கள் ஒருவரும் கிறிஸ்தவர் அல்ல. இந்த உரிமை நமக்கு மற்றவர்களுடைய பெருந்தன்மையாலும் வந்தது என்பதை நினைவிலே வையுங்கள். பின்பு 1977-ல் உச்சநீதிமன்றம் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கிலே, மார்க்கத்தை விளக்கிச் சொல்ல உரிமை உண்டு, ஆனால் இன்னொருவனை மதம் மாற்றுகிற உரிமை என்று ஒன்று இல்லை என்று தீர்த்தது. இதைக் கேட்டுச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் வருத்தமே இல்லை. ஒருவனை மாற்றுவது நம்முடைய வேலை என்று வேதமும் சொல்லவில்லை. பாவத்தைக் குறித்துக் கண்டித்து உணர்த்துகிறவர் பரிசுத்த ஆவியானவர் (யோவான் 16:8). நமக்குக் கொடுக்கப்பட்டது சாட்சியின் வேலை.

தமிழ்நாட்டிலே 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போய்விட்டது என்பதற்காக ஆசை காட்டி அழைப்பது சரியாகிவிடாது. ஆகையால் நம் சபைகளுக்கு என் தாழ்மையான ஆலோசனை இது. உதவியையும் ஜெபத்தையும் ஒரே பையிலே போட்டுக் கொண்டுபோகாதிருங்கள். அரிசி கொடுத்தால் அரிசி கொடுத்துவிட்டு வாருங்கள். நன்றிக்காக ஒருவன் கண்ணை மூடுவது ஜெபம் அல்ல. பெற்றோர் அறியாமல் பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டாம். வியாதியஸ்தருக்காக விசுவாசத்தோடே ஜெபியுங்கள், கர்த்தர் சுகமாக்குகிறவர். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்லுகிற அதிகாரம் நமக்கு இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. தடை இல்லாத பகல் வேளையிலும் பக்கத்து வீட்டில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறதா, கிழவர் படுத்திருக்கிறாரா என்று விசாரிப்பது அன்பு. தைப்பூசத் தேர் நாளிலே மலையடிவாரத்தில் நின்று கைப்பிரதி கொடுப்பதைத் தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்தில் போய் நின்றுகொண்டு நம் வீட்டுப் பத்திரிகையைக் கொடுப்போமா? மற்றவர் தெய்வத்தைப் பிசாசு என்று பேசி மனதைப் புண்படுத்துவது சட்டப்படியும் குற்றம். முன்னே இந்திய தண்டனைச் சட்டம் 295-ஏ என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவாக இருக்கிறது. அப்படியே யாராவது நம்மை அடித்தாலோ, வீட்டுக்குள் புகுந்து ஜெபத்தைத் தடுத்தாலோ, அமைதியாய்க் காவல் நிலையத்திலே எழுத்துமூலமாய்ப் புகார் கொடுக்கலாம், அது அவிசுவாசம் அல்ல. தெருவிலே இறங்கிச் சவால் விடுவதுதான் நமக்குச் சொல்லப்படாதது.

லூக்கா 9-ம் அதிகாரத்திலே சமாரியர் கிராமம் ஒன்று ஆண்டவரை ஏற்றுக்கொள்ளாமற்போனதை வாசிக்கிறோம். யாக்கோபும் யோவானும் கொதித்து, வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டும் என்றார்கள். ஆண்டவர் அவர்களை அதட்டி, வேறே கிராமத்துக்குப் போனார். அதோடு முடியவில்லை. அப்போஸ்தலர் 8-ல் பிலிப்பு சமாரியாவிலே பிரசங்கித்து, அங்கே மிகுந்த சந்தோஷம் உண்டானபோது, எருசலேமிலிருந்து அனுப்பப்பட்ட இரண்டு பேர் யார்? பேதுருவும் யோவானும். சமாரியரை எரிக்க அக்கினி கேட்ட அதே யோவான், அதே சமாரியர் தலைமேல் கைகளை வைத்தான். அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெற்றார்கள். அல்லேலூயா! நமக்கு வேண்டிய எழுப்புதல் இந்த அக்கினிதான். அந்த முதல் அக்கினி அன்றைக்கே இறங்கியிருந்தால், பின்பு கைகளை வைக்க அங்கே ஒரு தலையும் மீந்திருக்காது.

அந்த ஸ்திரீ குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவசரம்! ஆனால் ஊராரிடம் போய், நீங்கள் எல்லாரும் தவறு என்று சொல்லவில்லை. வந்து பாருங்கள், இவர் கிறிஸ்துவாயிருப்பாரோ என்று கேள்வியாகத்தான் கேட்டாள். ஊர் புறப்பட்டு வந்தது. அவர்களே வருந்தி அழைத்து, ஆண்டவரைத் தங்களிடத்தில் தங்கச் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் தங்கினார். பின்பு அவர்கள் அவளிடம், இனி உன் பேச்சினாலே அல்ல, நாங்களே கேட்டு அறிந்தோம் என்றார்கள்.

வீட்டு ஜெபக் குழுக்களிலே இந்த அதிகாரத்தை இந்த மாதம் முழுவதும் வாசியுங்கள். ஒரே இரவில் முடிக்க வேண்டாம். வாரத்துக்குப் பத்து வசனம் போதும். ஒவ்வொருவரும் இன்னும் சுவிசேஷம் கேட்டிராத மூன்று பேருடைய பெயரை ஒரு சீட்டிலே எழுதி வேதாகமத்துக்குள் வைத்து, தினமும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். அந்தச் சீட்டைக் குழுவில் வாசித்துக் காட்ட வேண்டாம். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போய் வாருங்கள். அவர்கள் கேட்கிற நாள் வரும்போது பதில் சொல்ல, இயேசுவைப் பற்றி ஐந்து நிமிஷத்திலே, வேதாகமத் தமிழ் இல்லாமல், நம் வீட்டுப் பேச்சிலே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வாலிபர் கூட்டத்திலே இதை இரண்டிரண்டு பேராய் உட்கார்ந்து பழகலாம். "பாவமன்னிப்பு", "நித்தியஜீவன்" என்கிற வார்த்தைகளை நம் தறிக்காரருக்குப் புரிகிறபடி எப்படிச் சொல்லுவது என்று அங்கே பேசுங்கள். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் அப்போஸ்தலர் 8-ல் பிலிப்புவைப் பற்றிப் படிப்போம்.